பைன் காய் செதுக்கிய கோயில்

அக்டோபர் 9, வியாழன்: லீட்ஸிலிருந்து கார்லைல்

அக்காவுக்கு ஏரிகளைப் பார்க்க ஆசை. எனக்கு ஒரு சின்னக் கோயிலைப் பார்க்க ஆசை. லீட்ஸில் அக்கா மகன் வீட்டுக்கு வந்து 3 வாரம் ஆகிவிட்டது. பாவம், அவன் வேலைக்கும் போய்க்கொண்டு, லீவு நாளில் எங்களையும் கூட்டிக்கொண்டு அலைந்தான். இந்தத் தடவை நாங்கள் இருவரே போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். வானிலை அறிக்கையில் நான்கு நாளும் மழை. மழையில் ஏரி என்ன தெரியும், கோயிலுக்குள்ளாவது நனையாமல் நிற்கலாம் என்றேன். அக்கா அரைமனதாகச் சரி என்றாள்.

கோயில் என்றது சர்ச்சைத்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் சிறுவயதில் கோயில் என்றால் கூர்நுனி வளைவு, நெட்டையான ஜன்னல், ஊசிக் கோபுரம். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் கோபுரம் 192 அடி (ஐயர் என்றால் எங்களுக்குப் போதகர்). பஸ்ஸில் போகும்போது பனைமரங்களுக்கு மேலே அது முதலில் தெரியும். இங்கிலாந்தில் எல்லாக் கோயிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ரயில் செட்டில் வழியாகப் போகிறது. ரிபிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட கல்பாலம் உண்டு. ஆனால் மூடுபனியில் எங்களுக்குத் தெரிந்தது இரண்டு செம்மறியாடுகளும் ஒரு வேலியும்தான்.

கார்லைலில் இறங்கியதும் பேராலயத்துக்குப் போனோம். சிவந்த மணற்கல் கட்டடம். நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியல் வைத்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் இதன் மேற்குப் பகுதியில் பெரும்பங்கை இடித்து, கல்லை எடுத்துப் போய்விட்டார்களாம். கையிழந்த மனிதரைப் போல நிற்கிறது. உள்ளே நிமிர்ந்து பார்த்த அக்கா கொஞ்ச நேரம் தலையைத் தாழ்த்தவே இல்லை. உட்கூரை முழுக்க நீல வானம், பொன் நட்சத்திரங்கள். 1856-இல் ஓவன் ஜோன்ஸ் வடிவமைத்தது. விக்டோரியா காலத்தவர் பழைய கட்டடங்களில் கை வைத்துக் கெடுத்ததைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இந்த நட்சத்திரங்களைப் பற்றி மட்டும் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இரவு மீனும் சிப்ஸும். ஒரு தட்டு 10.50 பவுண்டு. ஒன்று போதும் என்றோம். பரிமாறிய பெண் கேட்காமலே இரண்டு காலித் தட்டும் இரண்டு முள்கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள். மீன் என் முழங்கை நீளம்.

அக்டோபர் 10, வெள்ளி: ரியா

காலையில் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. அக்காவின் முழங்கால் வேறு ஈரக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்குத்தான் டாக்ஸி பிடித்தோம். நாங்கள் போகவேண்டிய ஊரின் பெயரை எழுத்துப்படி ‘ரே’ என்று சொன்னேன். ஓட்டுநருக்குப் புரியவில்லை. போனில் எழுதிக் காட்டியதும், “ஓ, ரியா!” என்றார். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கார்லைலுக்குத் தெற்கே சில மைல்தான். மேற்குக் கடற்கரை ரயில் பாதை ஊரை ஒட்டியே போகிறது. முன்பு இங்கே ஒரு ஸ்டேஷன் இருந்ததாம். இப்போது வண்டிகள் நிற்காமல் பறக்கின்றன. டாக்ஸிக்கு 18 பவுண்டு.

ஊர் என்றால் ஒரு புல்வெளி, அதைச் சுற்றி வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பப். கோயில் மரங்களுக்கு நடுவே தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஊசிக் கோபுரம் கிடையாது. கூர்நுனி வளைவு ஒன்றுகூட இல்லை, எல்லாம் அரைவட்டம். சுவர் தடிமன், ஜன்னல் சிறிது.

“இதுக்காட்டி இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் அக்கா.

நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்தவள். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் முதலில் அதன் தரைப்படம்தான் மனதில் விழும். இதன் தரைப்படம் மிக எளிது: ஒரு நீள்சதுரம், அதன் ஒரு முனையில் அரைவட்டம். அவ்வளவுதான். ரோமாபுரியின் ஆதிக் கிறிஸ்தவர்கள் கட்டிய வடிவம். பக்கச் சிறகுகள் இல்லை, நீள்சதுரத்துக்குள் தூண் வரிசைகள் இல்லை. ஒரு கிராமத்துக் கொத்தனார் கயிறு பிடித்தே அடையாளம் போட்டுவிடலாம்.

இந்தக் கோயில் 1842-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அந்த வருடங்களில் இங்கிலாந்து முழுக்க ஒரே பேச்சு காத்திக் பாணி. பியூஜின் என்ற கட்டடக் கலைஞர், கூர்நுனி வளைவுதான் கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் இளைஞர்கள் 1839-இல் ஒரு சங்கமே தொடங்கி, கோயில் எப்படி இருக்கவேண்டும் என்று ஊர் ஊராகக் குறை சொல்லி எழுதினார்கள். மெஞ்ஞானபுரம்வரை வந்து சேர்ந்தது அந்த அலைதான். அது எழும்பிக்கொண்டிருந்தபோது, இந்த மூலையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மனதில் இருந்ததைக் கட்டினார். பெயர் சாரா லாஷ். கட்டடக்கலை படித்தவர் அல்லர். அந்தக் காலத்தில் ஒரு பெண் அதைப் படிக்கவும் வழியில்லை. பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகம் முதல் பெண்ணைச் சேர்த்துக்கொண்டதே 1898-இல்தான்.

பழைய கோயில் இடிந்துவிழும் நிலையில் இருந்தது. புதிதாகக் கட்ட இடமும் முழுச் செலவும் தருகிறேன் என்றார் சாரா. ஒரே நிபந்தனை: எப்படிக் கட்டவேண்டும் என்று யாரும் குறுக்கே பேசக்கூடாது. மொத்தச் செலவு 1,200 பவுண்டு. ஏன் இந்தப் பாணி என்பதற்கும் அவரே காரணம் எழுதியிருக்கிறார்: இது பழைய இங்கிலாந்தின் சாக்சன், அல்லது வட இத்தாலியின் லம்பார்டு முறையைக் கொஞ்சம் மாற்றியது, இதைவிட மெருகேறிய பாணிகள் உண்டுதான், ஆனால் இதில் செலவும் வேலைப்பாடும் குறைவு.

மேற்கு வாசலுக்கு முன் நின்றபோது, வேலைப்பாடு குறைவு என்று அவர் எழுதியதை நான் நம்பவில்லை. வாசலையும் ஜன்னல்களையும் சுற்றிக் கல்லில் என்னென்னவோ ஊர்கின்றன. வண்ணத்துப்பூச்சி, வண்டு, கூட்டுப்புழு, கோதுமைக் கதிர், கசகசாக் காய், சுருள்சுருளான அம்மோனைட் புதைபடிவம். எங்கு திரும்பினாலும் பைன் காய். கூரையோரத்தில் ஆமையும் முதலையும் பாம்பும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கின்றன. புனிதர் யாரையும் காணோம். செதுக்கியவர் வில்லியம் ஹிண்ட்சன் என்ற உள்ளூர்க் கல்தச்சர். பெரிய பட்டறையில் பயின்ற கை அல்ல என்பது தெரிகிறது: சில இலைகள் தடித்துப்போயிருக்கின்றன, ஒரு பறவைக்குக் கழுத்து ஒட்டவில்லை. ஆனால் அந்த வண்டைப் பார்த்தால், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. மாலை ஐந்தரை, மேகம் வேறு. விளக்கு ஸ்விட்ச் எங்கே என்று தேடவும் தயக்கமாக இருந்தது. போன் வெளிச்சத்தில் ஒரு தூணின் அடியும் ஒரு மரக் கழுகின் மூக்கும் தெரிந்தன. யார் வீட்டுக்குள்ளோ அனுமதியில்லாமல் நுழைந்ததுபோல இருந்தது. வெளியே வந்துவிட்டோம்.

அப்புறம்தான் சோதனை. திரும்பிப் போகச் சொல்லிவைத்த டாக்ஸி வரவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. 50 நிமிடம் வாசல் வளைவுக்கு அடியில் நின்றோம். அந்த வாசல் மழையை எப்படித் தடுக்கிறது என்பதை அப்போது நன்றாகக் கவனிக்க முடிந்தது. வளைவு படிப்படியாக உள்ளே போவதால் இரண்டு பேர் சாய்ந்து நிற்க இடம் இருக்கிறது, சாரல் மட்டும் முகத்தில் அடிக்கிறது. கடைசியில் பப்புக்குப் போய் உதவி கேட்டோம். கல்லாவில் இருந்தவர் தன் போனிலேயே வேறு வண்டியை அழைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார். இரண்டு டீ 5 பவுண்டு. இந்த ஊரின் பொதுக்காரியங்களைப் பேசும் ‘பன்னிரண்டு பேர்’ என்ற பழைய குழு ஒன்று உண்டு. அவர்கள் கூடுவது இந்த பப்பில்தானாம். எங்கள் ஊர்ச் சபைக் கமிட்டி டீக்கடையில் கூடினால் என்ன நடக்கும் என்று அக்கா யோசித்துக்கொண்டே பிஸ்கட்டைத் தின்றாள்.

அக்டோபர் 11, சனி: பிராம்ப்டன்

கார்லைலுக்குக் கிழக்கே பிராம்ப்டன் என்ற சிறிய சந்தை ஊர். அங்கே கட்டடக் கலைஞர் பிலிப் வெப் கட்டிய புனித மார்ட்டின் கோயில் இருக்கிறது. வெப் பெரிய பெயர். கவிஞரும் அலங்காரக் கலைஞருமான வில்லியம் மாரிஸுக்குச் செங்கல் வீடு கட்டிக் கொடுத்தவர். அவர் கட்டி முடித்த ஒரே கோயில் இது.

ரயிலில் போனது தவறு. பிராம்ப்டன் ஸ்டேஷன் பிராம்ப்டனில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மைலுக்கும் மேல். பஸ் ஊருக்குள்ளேயே போகும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். குடையை மீறிய மழை. பாதி வழியில் அக்காவின் இடது செருப்பின் அடித்தோல் பிரிந்து வாயைத் திறந்துவிட்டது. எங்களைக் கடந்துபோன ஒரு கார் நின்று, பின்னால் வந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் ஜன்னலை இறக்கி, “கோயிலுக்கா, டீக்கடைக்கா?” என்றார். பின்சீட்டில் ஈர நாய் ஒன்று. அக்காவுக்கு நாய் என்றால் பயம். அது அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் எங்களை இறக்கிவிட்டதோடு, பக்கத்தில் எந்தக் கடையில் பசை கிடைக்கும் என்றும் காட்டிக் கொடுத்தார். பசை 4 பவுண்டு. செருப்பு மாலைவரை தாங்கியது.

புனித மார்ட்டின் 1878-இல் முடிந்த கோயில். கோபுரம் 1906-இல்தான் எழுந்தது. ரியாவுக்கும் இதற்கும் 36 ஆண்டு இடைவெளி. இடையில் காத்திக் அலை அடித்து ஓய்ந்து, எந்தக் காலப் பாணியில் கட்டுவது என்ற கேள்வியே சிலருக்குச் சலித்துவிட்டிருந்தது. வெப்பும் அப்படிப்பட்டவர். கூர்வளைவும் வைத்திருக்கிறார், வீட்டுக்கு வைப்பதுபோன்ற ஜன்னலும் வைத்திருக்கிறார். உட்கூரை மரப்பலகை. உள்ளே நுழைந்தால் பிரம்மாண்டம் இல்லை. நன்றாகக் கட்டிய ஒரு ஊர்க்கூடத்துக்குள் வந்ததுபோல இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லைப்புறத்துக் கோட்டை வீடுகளின் சாயல். ஸ்காட்லாந்து எல்லை இங்கிருந்து தூரமில்லை. சண்டை பார்த்த ஊர்களின் கல் வேறு மாதிரிதான் அடுக்கியிருக்கும்.

கட்டடம் முடிவதற்கு முந்தின வருடம், 1877-இல், வெப்பும் மாரிஸும் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோயில்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய காரையைச் சுரண்டித் தள்ளுவதை எதிர்த்த சங்கம் அது. பழையதைப் பழையதாக விடு, புதிதாகக் கட்டுவதை உன் காலத்தின் கட்டடமாகக் கட்டு. இது எனக்கு நெஞ்சோடு ஒட்டும் விஷயம். எங்கள் பக்கத்தில் நூற்றாண்டு கண்ட கோயில்களில் பர்மா தேக்கை எடுத்துவிட்டு பிவிசி உட்கூரை போடுவதையும், செட்டிநாட்டுக் காரையை மறைத்துப் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டுவதையும் பார்த்து எத்தனை நாள் மனம் கசந்திருக்கிறேன். அதைச் செய்கிறவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். அதனாலேயே தடுக்கவும் முடிவதில்லை.

கண்ணாடிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்து மாரிஸ் கம்பெனி செய்தவை. கிழக்கு ஜன்னலில் நல்ல மேய்ப்பர், தேவதூதர்கள், புனிதர்கள். நடுவில் தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன். வெளியே அப்படி மழை கொட்டியும் சிவப்பும் நீலமும் உள்ளே எரிந்துகொண்டிருந்தன. 15 பகுதிகள் கொண்ட இந்த ஜன்னலுக்கு ஓவியர் 200 பவுண்டு கூலி எழுதிக்கொண்டார். கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகையோடு, இது ஹெர்குலிஸுக்கான வேலை என்றும், தலைசிறந்த படைப்பு என்றும், நட்புக்காக அவசரப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்றும் தன் ஆதங்கத்தையும் கொட்டி வைத்தார். ரியாவில் ஒரு முழுக் கோயிலுக்கு ஆனது 1,200. இங்கே ஒரு ஜன்னலுக்கு வரைந்த கூலி மட்டும் 200.

அழகான கோயில்தான். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது இருவருமே ரியாவைப் பற்றித்தான் பேசினோம். கம்பர்லாந்து தொத்திறைச்சி ஜிலேபிபோலச் சுருட்டி வருகிறது, மிளகு நன்றாக இருக்கிறது, விலை 12 பவுண்டு. பாதி சாப்பிட்டதும் அக்கா, “இருட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்க்காம எப்படிட்டி போக?” என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு: மறுபடி ரியா

விடியும்போதே வெயில். வானிலை அறிக்கை பொய்த்ததற்காக நன்றி சொல்லிக்கொண்டே கிளம்பினோம். வந்தது வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்ட அதே ஓட்டுநர். இந்த முறை நான் “ரியா” என்று சரியாகச் சொன்னேன். வெள்ளி மாலை எங்களுக்கு வண்டி வராமல் போனதைக் கேட்டு அவரே வருத்தப்பட்டார். பிறந்ததிலிருந்து கார்லைலில்தான் இருக்கிறாராம், ஆனால் இந்தக் கோயிலுக்குள் போனதில்லை. மீட்டரை நிறுத்திவிட்டு அவரும் எங்கள் பின்னாலேயே வந்தார்.

முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம்தான். பீடத்துக்கு மேலே, உயரத்தில் சிறு ஜன்னல்கள். அவற்றில் கண்ணாடிக்குப் பதிலாக அலபாஸ்டர் என்ற பால்கல்லை மெலிதாக அறுத்து வைத்திருக்கிறார்கள். அதில் பெரணி போன்ற பழங்காலச் செடிகளின் உருவம் வெட்டப்பட்டிருக்கிறது, நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் புதைபடிவங்களின் உருவம். காலை வெயில் அந்தக் கல் வழியாக வரும்போது மோர்க்குழம்பு நிறம். கீழ் ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, ஆனால் படம் எதுவும் இல்லை, சிதறல்களாக ஒட்டியவை. பாரிஸில் 1830-ஐ ஒட்டிய கலவரத்தில் நொறுங்கிய பேராயர் மாளிகையின் துண்டுகளும் இதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். உடைந்ததைக் கூட்டிப் பெருக்கித் தள்ளாமல் பொறுக்கி எடுத்து ஜன்னலாக்கியிருக்கிறார் அந்த அம்மாள்.

அரைவட்டப் பகுதியில் தடித்த குட்டைத் தூண்கள் வளைவாக நிற்கின்றன. நடுவே பீடம், பச்சைச் சலவைக்கல் பலகை. அதைத் தாங்குவது இரண்டு பித்தளைக் கழுகுகள். பீடத்தின் மேல் தாமரை வடிவில் மெழுகுவத்தித் தண்டுகள். பிரசங்க மேடையைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். சேற்று நிலத்தில் புதைந்து கறுத்த ஓக் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து, அதையே மேடையாக நிறுத்தியிருக்கிறார்கள். மரப்பொந்துக்குள் நின்று ஐயர் பிரசங்கம் செய்வதுபோல இருக்கும். வேதம் வாசிக்கும் மேசையைக் கறுத்த மரப் பறவைகள் தாங்குகின்றன. வெள்ளிக்கிழமை நான் பார்த்த மூக்கு அதனுடையதுதான். சிலுவை தேடினால்தான் கிடைக்கும். விதை, முட்டை, பூச்சி, செடி, பறவை. ஓட்டுநர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சாராவின் அப்பாவுக்கும் சிற்றப்பாக்களுக்கும் நியூகாசில் பக்கம் வாக்கரில் காரத் தொழிற்சாலை இருந்தது. சோடா, சோப்பு, கண்ணாடித் தொழிலுக்கான சரக்கு. பணம் அங்கிருந்து வந்தது. சாரா லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்றவர். அவருக்குக் கேதரின் என்று ஒரு தங்கை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. 1817-இல் இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரில் தோண்டி எடுத்த ஒரு வீட்டைப் பார்த்து வந்து, பிற்பாடு அதேபோல இந்த ஊர் வாத்தியாருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார் சாரா. தான் பார்த்த அழகை ஒரு கிராமத்து வாத்தியார் குடியிருக்கும் வீடாக்கிய அந்த மனதை நினைத்தால் எனக்கு நெகிழ்ந்துவிடுகிறது. 1835-இல் கேதரின் இறந்தார். அதன் பிறகுதான் இந்தக் கோயில்.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அக்கா அதிக நேரம் நின்றாள். பால்கல்லில் செதுக்கியது. இதைக் கல்தச்சர் செய்யவில்லை. சாராவும் அவரது உறவினர் வில்லியமும் தாங்களே உளி பிடித்துச் செதுக்கினார்கள். மூடியில் ஒரு கண்ணாடி பதித்து, அதன்மேல் பால்கல் அல்லிகள் வைத்திருக்கிறது. தண்ணீரில் அல்லி மிதப்பதுபோல. குனிந்தால் அல்லிகளுக்கு நடுவே நம் முகம் தெரியும். அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு என்னையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நரைத்த இரண்டு தலைகள்.

“நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா எப்பட்டி கண்ணாடி பார்த்தோம்?”

எனக்கு நினைவில்லை. என் கல்யாணத்தன்றைக்காக இருக்கலாம்.

ஓவியரும் கவிஞருமான ரொசெட்டி 1869-இல் இங்கே வந்து பார்த்து வியந்து கடிதம் எழுதியிருக்கிறார். அப்போது சாரா இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெளியே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். பெற்றோருக்காகச் சாரா நட்ட உயரமான கல்சிலுவை ஒன்று இருக்கிறது, பியூகாசிலில் இருக்கும் பழஞ்சிலுவையின் பிரதி. அதைத் தாண்டினால் கேதரினின் நினைவு மண்டபம், 1850-இல் கட்டியது. கோயிலைப்போல இல்லை. கொத்தாத பெரும் பாறைகளை அப்படியே அடுக்கியதுபோல, குகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. கதவு பூட்டியிருந்தது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தோம். உள்ளே வெள்ளைச் சிலையாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பைன் காயை வைத்து அதையே பார்த்துக்கொண்டு. நேப்பிள்ஸில் சாரா தன் தங்கையை வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்து டேவிட் டன்பார் என்ற சிற்பி செதுக்கியது. அடுத்தாற்போல ஒரே கல்லறையில் அக்காவும் தங்கையும்.

பைன் காய்க்கு இன்னொரு கதையும் உண்டு. குடும்ப நண்பர் மேஜர் வில்லியம் தெய்ன், காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையோடு 1842 ஜனவரியில் இறந்தவர். அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பைன் காய் அனுப்பியிருந்தாராம். கோயிலில் ஆங்காங்கே தெரியும் அம்புகளும் அவருக்காகத்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். கோயில் அந்த வருடம்தான் எழும்பிக்கொண்டிருந்தது.

பைன் காய் கல்லாகவும் மரமாகவும் இந்தக் கோயில் முழுக்க வருகிறது. செத்ததுபோல உதிர்ந்து கிடக்கும், உள்ளே விதை இருக்கும் என்பதுதான் அதன் பொருள் என்று சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் கேதரினின் சிலையைப் பார்த்த பிறகு தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில், ஊர் எல்லையில் சாலையோரம் நின்ற ஒரு மரத்தடியில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மூன்று நாள் மழையில் நனைந்து, செதில்கள் இறுக மூடி, முஷ்டிபோல இருந்தது. ஓட்டுநர் எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, காத்திருந்த நேரத்துக்குப் பணம் வாங்கமாட்டேன் என்றார். 18 பவுண்டுதான் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மனைவியைக் கூட்டிப் போவாராம்.

அக்டோபர் 13, திங்கள்: லீட்ஸ்

நேற்றிரவு வந்து சேரும்போது பத்தரை. அக்கா தன் ஈரச் செருப்பையும் பைன் காயையும் ஹீட்டரின் மேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். இந்தக் காய்கள் ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும். மரத்திலிருந்து விழுந்த பிறகும் அப்படித்தான்.

காலையில் அவள் கூப்பிடும் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். காய் முழுக்க விரிந்து, நேற்றைப்போல இரண்டு மடங்காகியிருந்தது. கீழே அக்கா மகன் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் மெல்லிய இறகு ஒட்டிய விதைகள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணுட்டி. இன்னும் உள்ள இருக்கு.”